கல்பாத்திக் கரைச் சுவர்களிலும் வெள்ளக் குறி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காட்டில் கல்பாத்தி ஆற்றை ஒட்டிய இறக்கத்தில் குடியிருக்கிறேன். அப்பளமும் கொண்டாட்டம் என்கிற வற்றலும் போட்டு விற்பது எங்கள் குடும்பத் தொழில். வாளையாறு தாண்டி வரும் உங்கள் நாளிதழை மாமனார் காலத்திலிருந்து வாங்குகிறோம். ஆசிரியர் பக்கத்துக்கு இதுவரை எழுதியதில்லை. இப்போது எழுதக் காரணம், எங்கள் கரையில் செய்தே ஆக வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் தண்ணீர் எந்த அளவுக்கு ஏறியதோ அந்த அளவைக் கரையோரச் சுவர்களில் கல்லில் கொத்தி, தேதி போட்டு வைக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்தவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

இந்த எண்ணம் எனக்கு உறுதியானது ஜெர்மனியில் பஸ்ஸாவ் என்ற ஊரில். மகளும் மாப்பிள்ளையும் ந்யூரம்பெர்க்கில் வேலையில் இருக்கிறார்கள். போன வைகாசியில் என்னை அழைத்துப்போய், அங்கிருந்து வியன்னா வரை ஆற்றுக் கப்பலில் கூட்டிப்போனார்கள். கடல் கப்பல் மாதிரி மாடி மாடியாக இருக்காது அது. பாலங்களுக்கு அடியில் நுழைய வேண்டும், தண்ணீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகளுக்குள் அடங்க வேண்டும் என்பதால் நீளமாக, தட்டையாகக் கட்டியிருக்கிறார்கள். சில பாலங்கள் வரும்போது மேல்தளத்தில் யாரையும் நிற்க விடுவதில்லை. கைப்பிடிக் கம்பிகளை மடக்கி, மாலுமி அறையையே கீழே இறக்கிவிடுகிறார்கள். மைன் ஆற்றையும் டான்யூபையும் இணைக்கும் கால்வாயை 1992-இல் திறந்தார்களாம். அதில் கடல் மட்டத்துக்கு 406 மீட்டர் உயரம் வரை கப்பலைத் தொட்டி தொட்டியாக ஏற்றி, மறுபக்கம் இறக்குகிறார்கள். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் என் விஷயத்துக்கு வர மாட்டேன்.

பஸ்ஸாவ் 50,000 பேர் சொச்சம் வசிக்கும் ஊர். பவேரியாவின் கிழக்கு ஓரத்தில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி இருக்கிறது. மூன்று ஆறுகள் அங்கே சேருகின்றன. நடுவில் டான்யூப். தெற்கிலிருந்து இன், வடக்கிலிருந்து இல்ஸ். ஊரின் முனையில் நின்றால் மூன்று தண்ணீரும் மூன்று நிறமாகத் தெரிகிறது. ஆல்ப்ஸ் மலைப் பனி உருகி வரும் இன் வெளிறிய பச்சை. சதுப்புக் காடுகளிலிருந்து வரும் இல்ஸ் கறுப்பு. டான்யூப் இரண்டுக்கும் இடைப்பட்ட நிறம். கொஞ்ச தூரம் ஒட்டாமலே ஓடிவிட்டுத்தான் கலக்கின்றன. சேரும் இடத்தில் சராசரியாகப் பார்த்தால் டான்யூபைவிட இன் ஆற்றில்தான் தண்ணீர் சற்று அதிகம் என்று வழிகாட்டி அம்மாள் சொன்னார். பறளியில் நம் கல்பாத்திப் புழையும் கண்ணாடிப் புழையும் சேர்ந்து பாரதப்புழையாகும் இடத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். கூடுதுறை என்றால் எனக்குத் தனிப் பிரியம். அங்கேயே வெகுநேரம் நின்றிருப்பேன். ஆனால் கூட வந்தவர்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த ஊரின் தேவாலயம் பெரியது. 1662-இல் ஊரே தீப்பிடித்து எரிந்த பிறகு மறுபடி எடுத்துக் கட்டியது. உள்ளே 17,000-க்கும் மேற்பட்ட குழல்கள் கொண்ட இசைக் கருவி இருக்கிறது. மலை மேல் 1219-இல் தொடங்கிய கோட்டை. எல்லாரும் படம் எடுத்தார்கள், நானும் எடுத்துக்கொண்டேன். என் காலைக் கட்டிப்போட்டது வேறு இடம்.

கப்பல் துறையிலிருந்து சில அடி நடந்தால் நகர்மன்றக் கட்டடம். அந்தக் காலத்தில் அதன் முன்னால் மீன் சந்தை நடந்ததாம். கட்டடத்தின் ஓரத்தில் ஒரு கோபுரம் நிற்கிறது. அந்தக் கோபுரத்துச் சுவரில் கீழேயிருந்து மேலே கோடு கோடாகப் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஆண்டை எழுதியிருக்கிறார்கள். முதலில் நான் அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போகப் பார்த்தேன். "அம்மா, இத பாரு. தண்ணி வந்த அளவு. இவ்வளவு உயரம்!" என்று மகள் கையைப் பிடித்து நிறுத்தினாள். எல்லாவற்றுக்கும் மேலே 1501. அதற்கு அடுத்தது எந்த நூற்றாண்டோ என்று பார்த்தால் 2013. கொஞ்சம் கீழே 1954. கையை உயர்த்தினாலும் எட்டாத உயரத்தில் இருக்கின்றன அந்தக் கோடுகள். நான் நின்ற இடத்தில் என் தலைக்கு மேலே ஆள்கணக்கில் தண்ணீர் நின்றிருக்கிறது. சுற்றிலும் நாற்காலி போட்டு ஜனங்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்று கோடுகளை எண்ணினார்கள்.

2013 ஜூன் 3-ஆம் தேதி டான்யூபின் அளவுகோலில் 12.89 மீட்டர் ஏறியிருக்கிறது. அது ஆற்றின் அளவுகோல் கணக்கு, தெருவில் நின்ற ஆழம் அல்ல. 1954 ஜூலையில் 12.20. 1501-க்குப் பிறகு 500 ஆண்டில் இப்படி ஒரு வெள்ளம் இல்லை. மே மாதம் முழுக்கப் பெய்து மண் தண்ணீர் குடித்து நிறைந்திருந்தது. அதன் மேல் பெருமழை. டான்யூபும் இன் ஆறும் ஒரே சமயத்தில் ஏறி வந்தன. பழைய நகரத்தின் கரையோரத் தெருக்களில் மாடி வரை தண்ணீர். சில நாள் குழாய்த் தண்ணீரைக்கூட நிறுத்த வேண்டியதாயிற்று. வடிந்த பிறகு அந்த ஊர்ப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி வீடு வீடாகச் சேறு அள்ளினார்களாம். 2024 ஜூனில் மறுபடியும் பத்து மீட்டரை ஒட்டி வந்திருக்கிறது.

கரையை ஒட்டிய ஒரு சந்தில் சோப்பும் மெழுகுவர்த்தியும் விற்கும் சின்னக் கடைக்குள் போனோம். கடைக்கார அம்மாளுக்கு என் வயது இருக்கும். கடைக்கு உள்ளேயும் வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஒரு கோடு, 2013 என்று. மகள் மூலம் கேட்டேன்: இப்படி எழுதி வைத்தால் வாங்க வருகிறவர்கள் பயப்பட மாட்டார்களா? அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு தன் கடையைக் காட்டினார். கீழே சாமான் வைக்கும் மேசைகளுக்கெல்லாம் சக்கரம். சுவரில் மரப்பலகை கிடையாது, வெறும் ஓடு. மின் இணைப்புப் புள்ளிகள் எல்லாம் தோளுக்கு மேலே. அரசு இணையத்தில் ஆற்றின் அளவை மணிக்கு மணி போடுகிறது. எச்சரிக்கையில் நான்கு படிகள் உண்டு. எந்தப் படிக்கு எதை மாடிக்கு ஏற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியும். புதிதாக வேலைக்கு வரும் பெண்ணிடம் முதல் நாளே அந்தக் கோட்டைக் காட்டித்தான் சொல்லிக்கொடுப்பாராம்.

அந்தக் கடையில் நான் நின்றபோது எங்கள் வீட்டில் சாமான் வைக்கும் உக்ராண அறைதான் கண்ணில் வந்தது.

2018 ஆகஸ்ட் இரண்டாம் வாரம். ஓணத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. ஓண விருந்து அப்பளம் இல்லாமல் ஆகாது. ஆடியில் வெயில் இருக்காது என்று சித்திரை வைகாசியிலேயே இட்டு, பாயில் காயவைத்து, தகர டின்களில் அடுக்கி உக்ராணத்தில் வைத்திருந்தோம். உளுந்து மூட்டை, அப்பளக்காரம், கிரைண்டர், எண்ணெய் டின் எல்லாம் அங்கேதான். மலையில் விடாமல் பெய்தது. மலம்புழா அணை நிறைந்து ஷட்டர்களை உயர்த்தினார்கள். அணை நிறைந்தால் திறக்கத்தான் வேண்டும், அதில் யாரையும் நான் குறை சொல்லவில்லை. விடியற்காலை பின்கட்டில் நாய் குரைத்தது. விளக்கைப் போட்டால் கிணற்றடி தெரியவில்லை. அடுப்படிக்குள் தண்ணீர் வந்தபோது கணுக்கால் அளவு. மாமியாரை மாடிப்படியில் உட்காரவைத்துவிட்டுத் திரும்புவதற்குள் முட்டிக்கு மேல். டின்கள் மிதந்து ஒன்றோடொன்று முட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உளுந்து மூட்டைகளை நகர்த்த முடியவில்லை. ஊறி வெடித்துவிட்டன. கடைசியில் ஜன்னலின் அடிக்கம்பியைத் தொட்டு நின்றது.

வடிந்த பிறகு சுவரில் ஒரு கோடு தெரிந்தது. கீழே செம்பழுப்பு, மேலே வெள்ளை, நடுவில் வைக்கோல் துரும்பும் நுரையும் ஒட்டிக் காய்ந்த விளிம்பு. தெரு முழுக்க ஒரே மட்டத்தில் அந்த விளிம்பு ஓடியது. கோடு போட்டு யாரும் எழுத வேண்டிய தேவையே அன்றைக்கு இல்லை, ஆறே எழுதிவிட்டுப் போயிருந்தது. மறுவருஷம் தேருக்கு முன்னால் எல்லாரும் வெள்ளை அடித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் மகள் கல்யாணத்துக்குப் பெயின்ட் அடித்தார். பக்கத்து வீடு கைமாறி டைல்ஸ் ஒட்டினார்கள். எங்கள் உக்ராணத்தில் மட்டும் ஓதம் ஏறிப் பெயின்ட் நிற்காததால், அந்த விளிம்பு பெயர்ந்த சுண்ணாம்பில் இன்னும் இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. வெளியே ஒரு சுவரிலும் இல்லை.

போன வருஷம் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலைக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த இளம் தம்பதி எங்கள் சந்தின் கடைசி வீட்டுக்குக் குடிவந்தார்கள். கைக்குழந்தை. அந்தப் பெண் அப்பளம் வாங்க வந்தபோது பேச்சுவாக்கில் கேட்டாள்: "அக்கா, இங்க ஆத்துத் தண்ணி வருமா? புரோக்கர் வரவே வராதுன்னு சொன்னாரு." நான் அவளை உக்ராணத்துக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது. அவர்கள் வீடு எங்களைவிட இரண்டு படி தாழ்வு. பத்திரத்தில் அது இல்லை, வாடகை ஒப்பந்தத்தில் இல்லை, வாசலில் இல்லை. என் வீட்டுச் சாமான் அறைக்குள் வந்து பார்த்தால்தான் ஒரு குழந்தையின் தாய்க்கு அது தெரிய வேண்டுமா?

ஐரோப்பாவின் அந்த ஆற்றைவிட நம் ஆற்றுக்குத்தான் இந்தக் குறி அதிகம் தேவை என்று எனக்குத் தோன்றுகிறது. டான்யூப் வருஷம் முழுக்க நிறைந்து ஓடுகிறது. கரையில் இருப்பவன் ஆற்றை ஒரு நாளும் மறக்க முடியாது. நம் கல்பாத்திப் புழை அப்படியா? மாசி பங்குனியில் போய்ப் பாருங்கள். நாணலும் கோரையும் முளைத்து, நடுவில் ஒரு ஓடை. பிள்ளைகள் மறுகரைக்குக் கால் நனையாமல் போய்விடுவார்கள். அதைப் பார்த்து, "இந்த ஆறா வீட்டுக்குள்ள வரும்?" என்று கேட்பது இயல்புதான். அதோடு அணையும் இருக்கிறது. மலம்புழா அணையை 1949-இல் தொடங்கி 1955-இல் முடித்தார்கள். மலபார் அன்றைக்குச் சென்னை ராஜ்யத்தில் இருந்ததால் காமராஜர்தான் வந்து திறந்துவைத்தார். அதன் பிறகு பிறந்தவர்களுக்கு ஆறு என்றால் அணைக்குள் அடங்கியது என்ற நம்பிக்கை. ஆற்றை ஒட்டி ஒட்டி வீடு வந்ததற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

எங்கள் மாமியார் அப்படிச் சொல்ல மாட்டார். அவருடைய அம்மா வழியாக வந்த 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' அவர் வாயில் எப்போதும் உண்டு. கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924 ஜூலை. கேரளம் முழுக்க அதைத்தான் வெள்ளக் கணக்குக்கு அடையாளமாகச் சொல்வார்கள். "இந்தத் திண்ணைக்கு வந்தது, அந்த ஆலமரத்துக்கு வந்தது" என்று மாமியார் கை காட்டுவார். அந்தத் திண்ணையும் இன்றில்லை, ஆலமரமும் இல்லை. ஆகவே 1924-இன் அளவை எங்கள் சந்தில் இன்று யாராலும் நிரூபிக்க முடியாது. 2018-க்கும் அதே கதி வந்துகொண்டிருக்கிறது. அந்த வெள்ளத்தின்போது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டார்கள்.

குறி வைத்தால் வீட்டின் விலை விழும், வாடகை வராது என்று எங்கள் தெருவிலேயே எதிர்ப்பு இருக்கிறது. இரண்டு வீட்டுக்காரர்கள் என்னிடம் நேரடியாகவே கோபப்பட்டார்கள். அவர்கள் கவலை பொய் இல்லை. வீட்டை விற்று மகளுக்குக் கல்யாணம் செய்ய நினைப்பவருக்கு ஒரு லட்சம் குறைந்தாலும் வலிதான். ஆனால் விலை விழாமல் இருப்பதற்காக வாங்குகிறவனிடம் மறைப்பது எந்த நியாயத்தில் சேரும்? மேலும் பஸ்ஸாவைப் பாருங்கள். ஊரின் நடுவில், வரும் பயணிகள் எல்லாரும் இறங்கும் துறைக்குப் பக்கத்தில், தன் நகர்மன்றச் சுவரிலேயே 500 ஆண்டு வெள்ளத்தை எழுதிவைத்திருக்கிறது. அதற்காக யாரும் அந்த ஊரை விட்டு ஓடவில்லை. கப்பல் கப்பலாக ஜனங்கள் வந்து அந்தக் கோடுகளுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் கப்பல் கரையை அடைந்தபோது இடமில்லாமல், முன்னால் நின்ற இரண்டு கப்பல்களின் கூடத்துக்குள் புகுந்துதான் தரையில் கால் வைத்தோம். அவ்வளவு கூட்டம்.

குறி மட்டும் போட்டுவிட்டு அவர்கள் சும்மா இருக்கவும் இல்லை. கப்பல் கீழே போகப் போக, ஆஸ்திரியாவில் கிரெம்ஸ், ஸ்டைன் பக்கம் கரை ஓரத்தில் தாழ்வான சுவரும் அதில் வரிசையாகக் கம்பம் நடும் குழிகளும் தெரிந்தன. வெள்ள எச்சரிக்கை வந்தால் கம்பங்களை நட்டு, அலுமினியப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சொருகி மதில் எழுப்பிவிடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் கழற்றி அடுக்கிவிடலாம். வியன்னாவில் 21 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிதாக ஒரு வெள்ள வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணைக் கொட்டியே ஆற்றின் நடுவில் ஒரு தீவை உண்டாக்கியிருக்கிறார்கள். 1972-இல் தொடங்கி 1988-இல் முடிந்த வேலை அது. ஞாயிற்றுக்கிழமை ஊரே அந்தத் தீவில்தான் இருக்கிறது. இதெல்லாம் நமக்கு உடனே வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, பணம் பெரிது. ஆனால் எவ்வளவு உயரத்துக்கு மதில், எவ்வளவு அகலத்துக்கு வாய்க்கால் என்று கணக்குப் போட அவர்களுக்குப் பழைய அளவுகள் கையில் இருந்தன. நாளைக்கு நம் கரைக்கு ஒரு பொறியாளர் வந்து "தண்ணீர் எது வரை வந்தது?" என்று கேட்டால் ஆளுக்கு ஒரு உயரம் சொல்வோம்.

இதற்குச் செலவு அதிகம் ஆகாது. ஒரு கருங்கல் பலகை, அதில் ஒரு கோடு, "2018 ஆகஸ்ட்" என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுத்து, பதிக்கக் கொஞ்சம் சிமென்ட். கொத்துவதற்குக் கல் தச்சர்கள் இங்கேயே இருக்கிறார்கள். ஆனால் உயரத்தை யாரோ கண்ணால் பார்த்துச் சொல்லிப் பதிக்கக் கூடாது. சர்வே மட்டக் கருவியை வைத்து, கடல் மட்டக் கணக்கோடு பொருத்திப் பதிக்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் ஒரு சுவர் இடிந்தாலும் அளவு போகாது. அகத்தேத்தறையில் 1960-லிருந்து பொறியியல் கல்லூரி இருக்கிறது. 2015-லிருந்து ஐ.ஐ.டி.யும் நம் பாலக்காட்டில் இருக்கிறது. சிவில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது இரண்டு மூன்று நாள் களப்பணி. அவர்கள் வந்தால் சாப்பாடு எங்கள் பொறுப்பு. தெருப் பெண்கள் நாங்கள் பேசிவைத்துவிட்டோம்.

எங்கெங்கே வைக்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். படித்துறைப் படிகளின் பக்கச் சுவரில், பாலத் தூண்களில், ரேஷன் கடை, அங்கன்வாடி, பள்ளிக்கூட மதில், சந்துகள் ஆற்றுக்கு இறங்கும் முனைகள். அக்ரஹாரத்துப் பழைய வீடுகளின் முகப்பில் கை வைக்க வேண்டாம். கல்பாத்தி பாரம்பரிய கிராமம் என்பதால் அங்கே வாசல் தூணை மாற்றக்கூட அனுமதி வாங்க வேண்டும். அந்த முறை நல்லதுதான், நம் தெருக்கள் இன்னும் பார்க்கும்படி இருப்பது அதனால்தான். விஸ்வநாத சுவாமி கோயிலுக்குள் ஆணி அடிக்கவும் நான் கேட்கவில்லை. அந்தக் கோயில் 1425-ஐ ஒட்டி இட்டிக்கொம்பி அச்சன் காலத்தில் எழுந்ததாகச் சொல்கிறார்கள். காசியில் பாதி கல்பாத்தி என்று சொல்லி வரும் பக்தர்கள் படிக்கட்டில் இறங்கித்தான் சந்நிதிக்குப் போக வேண்டும், அவ்வளவு தாழ்வில் ஆற்றைப் பார்த்து நிற்கிறது. கோயிலுக்கு வெளியே, ஆற்றுக்கு இறங்கும் வழியில் ஒரு கல் நட்டால் போதும். ஐப்பசித் தேருக்கு வரும் ஆயிரக்கணக்கான ஜனங்களில் நாலு பேராவது நின்று படிப்பார்கள், பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்.

இது கல்பாத்திக்கு மட்டும் உள்ள காரியமும் அல்ல. சித்தூர்ப் பக்கம் சோகநாசினி ஆற்றங்கரையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். ஆளியாற்றிலிருந்து வரும் தண்ணீர் மூலத்தறை மதகு வழியாக அவர்கள் வாசலுக்கு வருகிறது. கோடையில் அந்தத் தண்ணீர் போதவில்லை என்று இரண்டு மாநிலமும் பேச்சு நடத்துவதைப் பத்திரிகையில் படிக்கிறோம். மழைக்காலத்தில் அது எவ்வளவு உயரம் ஏறும் என்பதையும் அந்தந்தக் கரையில் எழுதிவைக்கலாம். உங்கள் வாசகர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எங்கள் வார்டு உறுப்பினரிடம் மனு கொடுத்திருக்கிறேன். மலையாளத்தில் எழுதி, தெருவில் சம்மதித்தவர்களிடம் கையெழுத்து வாங்கியது. அவர் மரியாதையாக வாங்கிக்கொண்டு, "சேச்சி, அளவு கிடைத்தால் அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன்" என்றார். ஆகவே இப்போது அவசரமாகத் தேவைப்படுவது அளவுதான். 2018 ஆகஸ்டில் கல்பாத்தி, சேகரிபுரம் பக்கத்தில் வெள்ளத்தைப் போனில் படம் எடுத்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். படத்தில் ஒரு கேட், ஒரு மின் மீட்டர் பெட்டி, ஒரு ஜன்னல் தெரிந்தால்கூடப் போதும், அதை வைத்து உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம். போனை மாற்றும்போது அந்தப் படங்களை அழித்துவிடாதீர்கள். எடுத்த இடம், நாள், நேரம் மூன்றையும் எழுதி உங்கள் வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள். வெளியூர் போய்விட்டவர்களும் அனுப்பலாம். இந்த வேண்டுகோளைத் தங்கள் நாளிதழ் பாலக்காட்டுப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட்டால் பெரிய உதவி. முதல் கல்லுக்கு எங்கள் வீட்டு மதிலைத் தருகிறேன். என் மாமியாரும் சம்மதம் சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
கல்பாத்தி ஆற்றங்கரை வாசகி,
பாலக்காடு